முத்துக்குளித்தவர் இதயமும் ஒரு துளி ரத்தமும்

தூத்துக்குடி என்றால் முத்து என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்போம். ஆனால் மன்னார் வளைகுடாவில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961ல். கயிற்றில் கட்டிய கல்லில் காலை வைத்து, மூச்சை அடக்கி, 50, 60 அடி ஆழத்தில் கிடக்கும் முத்துப்பாருக்கு இறங்குவார்கள். தோணியில் ஒருவர் கயிறு பிடித்துக் காத்திருப்பார். சுறா பயத்துக்கு ஓர் ஏற்பாடு இருந்தது. கடல்கட்டி என்பவர் மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுவார், அவருக்கும் சிப்பியில் பங்கு உண்டு (இன்சூரன்ஸ் பிரீமியம் மாதிரிதான்!). நீருக்கடியில் இதயம் என்ன ஆகும் என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

வாத்தைத் தண்ணீரில் முக்கினால் அதன் இதயத்துடிப்பு குறைகிறது என்று 1870லேயே பால் பெர் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டார். மனிதரில், அதுவும் முத்துக்குளிப்பவரிடமே இதைச் சோதித்தவர் பெர் ஷோலாண்டர். இடம் தூத்துக்குடி அல்ல, ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே டாரஸ் நீரிணை. 1962ல் வந்த அவர் குழுவின் கட்டுரைப்படி, மூழ்கியவரின் துடிப்பு குறைந்தது, சிலருக்குத் தாளமும் தப்பியது. இன்னொன்று, ரத்தத்தில் லாக்டிக் அமிலம் மேலே வந்த பிறகுதான் சட்டென ஏறியது. அதாவது மூழ்கியிருந்தபோது தசைகளுக்கு ரத்த ஓட்டம் சுருங்கியிருந்தது. இது இதய ஆபத்தை அளக்கும் சோதனை அல்ல. ஆனாலும் உடலுக்குள் நடந்ததை ரத்தம் சொன்னது.

இதயமே ரத்தத்தில் செய்தி அனுப்புகிறது என்பது பிறகுதான் தெரிந்தது. 1981ல் கனடாவில் அடோல்ஃபோ டி போல்ட், எலியின் இதய மேலறைச் சாற்றை வேறு எலிகளுக்கு ஊசியில் ஏற்றினார். அவை உப்பையும் சிறுநீரையும் கொட்டின. 1988ல் ஜப்பானியர் பன்றி மூளையில் அதே இனத்து ஹார்மோன் ஒன்றைக் கண்டார்கள். அது அதிகம் சுரப்பது இதயத்தில்தான் என்று பின்னால் தெரிந்தும், பெயரில் மூளை ஒட்டிக்கொண்டது, பிஎன்பி! இதயத்தசை சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் டி சோதனையை 1989ல் ஹைடல்பெர்க்கில் ஹூகோ கட்டஸ் குழு கொடுத்தது.

இவை தாளக்கோளாறுக்கு எப்படி உதவும்? ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் மேலறைகள் சுருங்காமல் நடுங்கும், ரத்தம் தேங்கி உறையும், அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். உறையாமல் தடுக்கும் மாத்திரையால் ரத்தக்கசிவு வரலாம். ஆக, யாருக்கு எவ்வளவு ஆபத்து என்று கணக்குப் போட்டே ஆகவேண்டும். 2001ல் வந்த சாட்ஸ்-2 ஸ்கோர் வயது, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு போன்றவற்றைக் கூட்டியது. கடன் கேட்பவரின் வயதையும் வேலையையும் பார்த்து லோன் கொடுப்பது போல. 2016ல் சுவீடனின் உப்சாலாவில் ஹிஜாஸி, வாலன்டின் குழு பாஸ்புக்கையே திறந்தது. வயது, பிஎன்பி இனம், ட்ரோபோனின், முன்பு பக்கவாதம் வந்ததா, இவ்வளவுதான் ஏபிசி ஸ்கோர். அரிஸ்டாட்டில் என்ற மருந்துச் சோதனையின் 14,701 பேர் தரவிலிருந்து உருவானது, பழைய ஸ்கோரைவிடச் சரியாகக் கணித்தது.

ஆனால் அந்த ஸ்கோரை வைத்துச் சிகிச்சையை மாற்றிப்பார்த்த சுவீடன் சோதனையில் பக்கவாதமோ மரணமோ குறையவில்லை. கணிப்பது வேறு, காப்பது வேறு போலும்.

நம் ஊருக்கு இன்னொரு சிக்கல். இந்தியாவில் இந்தக் கோளாறு வருவோரில் நிறையப் பேருக்குக் காரணம் வயது அல்ல, சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் சுருக்கிவிட்ட மைட்ரல் வால்வு. அந்தச் சுருக்கம் அதிகமாக உள்ளவர்களை அரிஸ்டாட்டில் சோதனையில் சேர்க்கவே இல்லை. இவர்களுக்கு இன்றும் ஸ்கோர் எதுவும் போடாமல் வார்ஃபரின் வகை மாத்திரைதான், கூடவே அடிக்கடி ஐஎன்ஆர் பார்க்க ஒரு குழாய் ரத்தம்.