கூபா நகரின் புடவைக் கடை



இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களை மார்க்கச் சட்ட மேதையாகவே நாம் அறிவோம். ஹிஜ்ரி 80இல் (கி.பி. 699) பிறந்த அப்பெருந்தகை, ஈராக்கின் கூபா நகரில் பட்டுப் புடவை வணிகராகவும் விளங்கினார்கள் என்பதை, ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நம்மவரிற் பலர் அறியார்.

ஹப்ஸ் இப்னு அப்துர் ரஹ்மான் என்பார் அவர்களது வியாபாரக் கூட்டாளி. ஒருமுறை சரக்கை அவரிடம் ஒப்படைத்த இமாமவர்கள், அதில் ஒரு துணி குறையுடையது, அதனைச் சொல்லியே விற்க வேண்டும் எனப் பணித்தார்கள். ஹப்ஸோ மறந்து, சொல்லாமலே விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்பதும் தெரியவில்லை. செய்தியறிந்த இமாமவர்கள் அச்சரக்கின் விலை முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள் என வரலாற்றாசிரியர்கள் பதிந்துள்ளனர். இலாபத்தை மட்டுமல்ல, முதலையும் சேர்த்தே!

மற்றொரு நாள், ஒரு பெண்மணி பட்டாடையொன்றை 100 திர்ஹத்துக்கு விற்க வந்தார். அதன் பெறுமதி அதனிலும் அதிகம் என்றார்கள் இமாமவர்கள். அவர் நூறு நூறாக உயர்த்தி 400 கேட்டபோதும் அவ்வாறே கூற, தம்மைப் பரிகசிக்கிறாரோ என அப்பெண் ஐயுற்றார். விலை மதிக்க ஒருவர் அழைக்கப்பட்டார். ஆடை 500க்கு வாங்கப்பட்டது. விற்பவரின் அறியாமையையே இலாபமாகக் கொள்ளும் நம் சந்தைகளில் இதனைக் கேட்போர் நகைக்கவுங்கூடும்.

அக்கடை நொடித்துப்போகவில்லை. வறிய மாணவரான அபூயூஸுப் (ரஹ்) அவர்களின் குடும்பத்தை இமாமவர்கள் தம் செல்வத்தினால் தாங்கினார்கள். அம்மாணவரே பின்னர் அப்பாஸிய ஆட்சியின் தலைமைக் காழியானார்.