தொழில்முறை வலைப்பதிவு: வருமான வழியும் வேலையின் எல்லையும்

தொழில்முறை வலைப்பதிவு என்பது, இணையத்தில் தொடர்ந்து எழுதுவதையே பிழைப்பாகவோ பிழைப்பின் பெரும்பகுதியாகவோ கொண்ட பணி. எழுதுபவரே மெய்ப்புப் பார்க்கிறார், படம் தேடுகிறார், வெளியிடுகிறார், விளம்பரதாரருக்குக் கடிதம் எழுதுகிறார், மாதக் கடைசியில் கணக்கும் பார்க்கிறார். மேலாளர் இல்லை, வருகைப் பதிவேடு இல்லை, அலுவலகம் மூடும் நேரமும் இல்லை. இந்தத் தொழிலின் பெரிய சிக்கல் அந்தக் கடைசி இல்லாமையில்தான் இருக்கிறது. இணையத்தில் வேலை செய்வோருக்கு அறிவுரை சொல்லும் நூல்கள் பெரும்பாலும் இதை மன உறுதிக் குறைவாகவே பார்க்கின்றன. விடியற்காலையில் எழு, கைபேசியை வேறு அறையில் வை, 25 நிமிடத்துக்குக் கடிகாரம் வை என்கின்றன. அவற்றால் பயன் உண்டு. ஆனால் கால் நூற்றாண்டு வலைப்பதிவு வரலாறு வேறொன்றையும் காட்டுகிறது. ஒருவர் எவ்வளவு எழுதி முடிக்கிறார், எத்தனை ஆண்டு தாக்குப்பிடிக்கிறார் என்பதை முதலில் தீர்மானிப்பவை இரண்டு: அவருக்குப் பணம் எதற்காக வருகிறது, இவ்வளவுதான் எழுதுவேன் என்று அவர் முன்கூட்டியே வரம்பு கட்டினாரா. கடிகாரமும் செயலியும் அதற்கு அப்புறம்தான்.

இணையத்தில் தன் வாழ்க்கையை எழுதும் வழக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவராக, 1994-இல் எழுதத் தொடங்கிய அமெரிக்கக் கல்லூரி மாணவர் ஜஸ்டின் ஹால் குறிப்பிடப்படுகிறார். 1999-இல் வந்த பிளாகரும் 2003-இல் வந்த வேர்ட்பிரஸும் நிரல் எழுதத் தெரியாதவர்களையும் பதிப்பாளர்களாக்கின. பொழுதுபோக்காக இருந்ததைப் பரவலான தொழிலாக்கியது 2003-இல் கூகுள் கொண்டுவந்த ஆட்சென்ஸ். அதற்கு முன் விளம்பரம் வேண்டுமானால் விளம்பரதாரரைத் தேடிப் போகவேண்டும். ஆட்சென்ஸ் வந்தபின் சில வரி நிரலைப் பக்கத்தில் ஒட்டினால் போதும், விளம்பரம் தானாக வந்து நின்றது. வருவாயில் 68 சதவீதம் பதிவருக்குப் போகிறது என்று 2010-இல் கூகுள் அறிவித்தது. யாரிடமும் கைகட்டி நிற்காமல் எழுதிச் சம்பாதிக்கலாம் என்ற நம்பிக்கையைப் பல்லாயிரம் பேருக்கு அது தந்தது. அந்த நன்மையைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ஆனால் அதன் கணக்கு முறையில் ஒரு விளைவு ஒளிந்திருந்தது. பக்கம் ஒன்று கூடுதலாகத் திறக்கப்பட்டால் வருமானம் ஒரு துளி கூடும். ஆகவே எத்தனை பதிவு எழுதினாலும் ‘இன்றைக்குப் போதும்’ என்று சொல்ல ஓர் இடம் கிடையாது. 2002-இல் நிக் டென்டன் தொடங்கிய காக்கர் என்ற வலைப்பதிவு நிறுவனம், 2008-இல் எழுத்தாளர்களின் ஊதியத்தைப் பக்கப் பார்வைகளோடு இணைத்தபோது இந்தக் கணக்கு சம்பளப் பட்டியலுக்குள்ளேயே நுழைந்துவிட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸ், ஓய்வில்லாமல் எழுதி உடல்நலம் கெடும் பதிவர்களைப் பற்றி விரிவான செய்தி வெளியிட்டது. மூன்று ஆண்டுகளில் 30 பவுண்டு எடை கூடிவிட்டது, தூக்கம் கெட்டுவிட்டது என்று டெக்கிரஞ்ச் நிறுவனர் மைக்கேல் ஆரிங்டன் அதில் சொல்லியிருந்தார். சோம்பல் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை; அவர்கள் கெட்டது நிறுத்த முடியாமல்தான்.

இதற்கு மாற்றான வழிகளும் அதே காலத்தில் தோன்றின. 1998 முதல் எழுதிவந்த ஜேசன் காட்கி, 2005 பிப்ரவரியில் வேலையை விட்டுவிட்டு வாசகர்களிடம் நேரடியாக நன்கொடை கேட்டார். சுமார் 1450 பேர் ஏறத்தாழ 39,900 டாலர் கொடுத்தார்கள். ஓர் ஆண்டு எழுதியபின் அந்த முறையை அவர் நீட்டிக்கவில்லை. பல ஆண்டுகள் விளம்பரத்தை நம்பியிருந்து, 2016-இல் உறுப்பினர் சந்தாவுக்கு வந்தார். ஆப்பிள் நிறுவனத்தைப் பற்றி 2002 முதல் எழுதிவரும் ஜான் குரூபர், 2006-இல் முழுநேரப் பதிவரானார். பின்னர் வாரத்துக்கு ஒரே ஒரு புரவலர் என்ற முறையைக் கடைப்பிடித்தார். அந்த வாரத்தின் விலை முன்பே பேசி முடிக்கப்பட்டுவிடுகிறது. செவ்வாய்க்கிழமை கூடுதலாக இரண்டு பதிவு எழுதினால் அன்றைய வருமானம் ஏறப்போவதில்லை. எழுத வேண்டும் என்று தோன்றுவதை மட்டும் எழுதலாம். தைவானிலிருந்து ஸ்ட்ராடெக்கரி என்ற தளத்தை நடத்திய பென் தாம்ப்சன், 2014-இல் மாதம் 10 டாலர் சந்தா வைத்து முழுநேரத் தொழிலாக்கினார். அவருடைய ஏற்பாட்டில் கவனிக்கவேண்டியது விலையைவிட எண்ணிக்கைதான். வாரம் ஒரு கட்டுரை எல்லோருக்கும் இலவசம்; சந்தாதாரருக்கு இத்தனை மடல் என்பது முன்பே அறிவிக்கப்பட்டது. வாசகருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். மடல் போய்விட்டால் அன்றைய வேலை முடிந்தது.

சந்தா வைத்தாலே சிக்கல் தீர்ந்துவிடும் என்று இதிலிருந்து முடிவு கட்டுவது தவறு. 2000 முதல் எழுதிய ஆண்ட்ரூ சல்லிவன் இதற்கு வலுவான எதிர்ச்சான்று. பெரிய ஊடக நிறுவனங்களின் கீழ் நடந்த தன் ‘தி டிஷ்’ தளத்தை 2013-இல் தனியே கொண்டுவந்து, ஆண்டுக்கு 19.99 டாலர் சந்தா வைத்தார். பல்லாயிரம் பேர் சேர்ந்தார்கள். உடன் ஒரு சிறு குழுவும் இருந்தது. பணக் கணக்கில் அது வெற்றி. ஆனால் பதிவுகளுக்கு எண்ணிக்கை வரம்பு வைக்கவில்லை. நாள் முழுக்க அடுத்தடுத்துப் பதிவுகள், வாரம் 7 நாளும். 2015 தொடக்கத்தில் உடல்நலத்தைக் காரணம் காட்டித் தளத்தை நிறுத்தினார். இடைவிடாத இணைய வாழ்க்கை தன்னை என்ன செய்தது என்று 2016-இல் நியூயார்க் இதழில் நீண்ட கட்டுரை எழுதினார். பணம் யார் தருகிறார் என்பது பாதிக் கேள்வி. எவ்வளவு வேலைக்குத் தருகிறார் என்பது மீதிப் பாதி. அதற்கு விடை சொல்லாதவர் சந்தாப் பணத்திலும் தேய்ந்துபோகிறார்.

வரம்பு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைக் கவனம் பற்றிய ஆய்வுகள் ஓரளவு விளக்குகின்றன. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தைச் சேர்ந்த குளோரியா மார்க் 2004-இல் அளந்தபோது, மக்கள் ஒரு திரையில் சராசரியாக இரண்டரை நிமிடம் தங்கினார்கள். பிந்தைய அளவீடுகளில் அது 47 நொடியாகச் சுருங்கியது. 2008-இல் அவர் குழு வெளியிட்ட சோதனையின் முடிவு பலர் எதிர்பார்ப்பதற்கு மாறானது: இடையூறுக்கு உள்ளானவர்கள் வேலையை விரைவாகவே முடித்தார்கள், ஆனால் மன அழுத்தமும் எரிச்சலும் கூடின. நேரம் வீணாகிறது என்பதைவிட ஆள் களைத்துப்போகிறார் என்பதே அதன் பாடம். ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவினால் மனத்தின் ஒரு பகுதி பழையதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்று சோஃபி லெராய் 2009-இல் காட்டினார். பதிவரின் மேசையில் இது எப்படி நடக்கிறது? ஒருவர் தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றி எழுதுகிறார் என்று கொள்வோம். கட்டி முடித்த ஆண்டு 1010 தானா என்று ஓர் ஐயம். தேடுபொறியைத் திறக்கிறார். ஆண்டு அரை நிமிடத்தில் கிடைத்துவிடுகிறது. அதே பக்கத்தில் கோயில் பற்றிய புதிய செய்தி ஒன்று நிற்கிறது, அதைப் படிக்கிறார். மேல்மூலையில் மின்னஞ்சல் எண் ஒன்று கூடியிருக்கிறது. நேற்றைய பதிவுக்கு எத்தனை பார்வை என்று எட்டிப்பார்க்கிறார். திரும்பி வரும்போது பாதியில் நின்ற வாக்கியம் எதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது என்பது மறந்துபோயிருக்கிறது. ஐயம் வந்த இடத்தில் ‘ஆண்டு பார்க்க’ என்று அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு மேலே எழுதிப்போய், வரைவு முடிந்தபின் எல்லா ஐயங்களையும் ஒரே அமர்வில் சரிபார்ப்பது எளிய தீர்வு. பார்வை எண்ணிக்கையை வாரம் ஒருமுறை பார்த்தால் போதும் என்பதும் அப்படித்தான். ஆனால் ஒவ்வொரு பார்வைக்கும் காசு வருகிறவரால் அந்தப் பக்கத்தை ஒரு வாரம் திறக்காமல் இருக்க முடியுமா? பழக்கத்தை மாற்றச் சொல்லும் அறிவுரை தோற்பது இங்கேதான்.

இப்படி வரம்பு கட்டுவதற்கு மூன்று மறுப்புகள் எழலாம். எழுத்து படைப்புச் செயல், அதை அளவுக்கும் அட்டவணைக்கும் கட்டிப்போட்டால் உயிர் போய்விடும் என்பது முதல் மறுப்பு. 1983-இல் ராபர்ட் பாய்ஸ் 27 கல்லூரி ஆசிரியர்களை மூன்று பிரிவாக்கி ஆராய்ந்தார். ஒரு பிரிவினர் அவசரத் தேவை தவிர எதுவும் எழுதக்கூடாது. இரண்டாம் பிரிவினர் மனம் வந்தால் எழுதலாம். மூன்றாம் பிரிவினர் குறித்த நேரத்தில் எழுதியே ஆகவேண்டும். தவறினால் தாங்கள் வெறுக்கும் ஓர் அமைப்புக்குப் பணம் போய்விடும். மூன்றாம் பிரிவினர், மனம் வந்தபோது எழுதியவர்களைவிட மூன்று மடங்குக்கு மேல் எழுதினார்கள். புதிய எண்ணங்களும் அவர்களுக்கே அடிக்கடி தோன்றின. சிறிய ஆய்வுதான், அதன்மேல் பெரிய கோட்டை கட்டக்கூடாது. ஆனால் தமிழிலேயே கண்முன் ஒரு சான்று இருக்கிறது. ஜெயமோகன் மகாபாரதத்தை மறுஆக்கம் செய்த ‘வெண்முரசு’, 2014 ஜனவரி முதல் 2020 ஜூலை வரை நாளுக்கு ஓர் அத்தியாயமாக இணையத்தில் வெளியானது. 26 நாவல்கள், ஒரு நாவலுக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி. நாள்தோறும் என்பது மட்டுமல்ல, ஓர் அத்தியாயம் என்ற அளவும் இடைவெளியும் சேர்ந்ததே அந்த ஒழுங்கு.

குறைவாக எழுதினால் தேடுபொறி கைவிட்டுவிடும் என்பது இரண்டாம் மறுப்பு. ஒரு காலத்தில் இதில் நியாயம் இருந்தது. தேடப்படும் சொற்களைப் பார்த்து மலிவான கட்டுரைகளைக் குவித்த தளங்கள் நன்றாகச் சம்பாதித்தன. 2011 பிப்ரவரியில் பாண்டா என்ற மாற்றத்தின் மூலம் கூகுள் அவற்றைக் கீழே தள்ளியது. 2024 மார்ச்சில், எந்திரத்தாலோ மனிதராலோ மொத்தமாக உற்பத்தி செய்யப்படும் பயனற்ற பக்கங்களுக்கு எதிராக விதியை மேலும் இறுக்கியது. மொழி எந்திரங்கள் நிமிடத்துக்குப் பல கட்டுரை எழுதும் காலத்தில் எண்ணிக்கையில் அவற்றோடு மோதுவது வீண் முயற்சி.

மூன்றாம் மறுப்பே கனமானது. வரம்பு கட்டுவது ஏற்கெனவே பெயர் பெற்றவர்களுக்கு வாய்த்த வசதி. புதியவர், அதுவும் தமிழ் போன்ற சிறிய சந்தையில் எழுதுபவர், என்ன செய்வார்? ஆட்சென்ஸ் தமிழ்ப் பக்கங்களை ஏற்றதே 2018 பிப்ரவரியில்தான். 2004-இல் தொடங்கிய தமிழ்மணம் திரட்டியைச் சுற்றி எழுந்த தலைமுறை, சல்லிக்காசு வராமலேயே எழுதித் தீர்த்தது. தமிழில் எழுத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது இன்றும் கடினம் என்பதை மறைக்கக்கூடாது. ஆனால் இந்த உண்மை வரம்பின் தேவையைக் கூட்டவே செய்கிறது. வேறு வேலை பார்த்துக்கொண்டு எழுதுபவருக்கு மிஞ்சுவது நாளுக்கு ஒன்றிரண்டு மணி நேரம். பிரிட்டிஷ் அஞ்சல் துறை ஊழியரான அந்தோனி டிரலோப், அலுவலகம் போகுமுன் கடிகாரத்தை எதிரில் வைத்து 15 நிமிடத்துக்கு 250 சொல் என்று எழுதி, 47 நாவல்கள் தந்தார். வீட்டிலிருந்து பார்க்கும் வேலைக்கும் இதே விதிதான். சீனாவின் சிட்ரிப் நிறுவனத்தில் நிக்கோலஸ் புளூம் குழு நடத்திய சோதனையில் வீட்டிலிருந்தவர்களின் செயல்திறன் 13 சதவீதம் கூடியது. அவர்களுக்கு அலுவலகத்தில் இருந்த அதே பணிமுறை நேரம் வீட்டிலும் இருந்தது என்பதை, அந்த எண்ணை மேற்கோள் காட்டுவோர் பலர் விட்டுவிடுகிறார்கள். பதிவருக்கு அந்த நேரத்தை யாரும் தரமாட்டார்கள். அவரே வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே இத்தொழிலுக்கு வர நினைப்பவர் எந்தச் செயலி வாங்கலாம் என்று தேடுமுன், வாரத்துக்கு எத்தனை பதிவு, எந்தெந்த நாளில் என்பதை முடிவு செய்து அதை முகப்புப் பக்கத்திலேயே வாசகருக்கு எழுதிவிடுவது நல்லது. விடுப்பையும் அப்படியே அறிவிக்கலாம். காட்கி 2022-இல் வெளிப்படையாகச் சொல்லிவிட்டுச் சில மாதங்கள் எழுதாமல் இருந்தார். ஆண்டு முடிவதற்குள் திரும்பி வந்து மீண்டும் எழுதத் தொடங்கினார்.