மகிழ்ச்சிக் குறிப்பேடு

மகிழ்ச்சிக் குறிப்பேடு என்பது அன்றன்று மனத்துக்கு இதமாக இருந்த சின்னச் சின்னச் செய்திகளை ஓரிரு வரியில் எழுதி வைக்கும் நோட்டு. நாட்குறிப்பின் உறவுதான் என்றாலும் இது நாள் முழுவதையும் பதிவதில்லை. எத்தனை மணிக்கு எழுந்தார், யாருக்குப் பணம் கட்டினார் என்பதெல்லாம் இதில் வராது. கொல்லையில் முருங்கை பூத்தது வரும். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736இல் தொடங்கிய நாட்குறிப்பு தமிழில் புகழ்பெற்றது. வணிகமும் அரசியலும் நிறைந்த அந்தப் பெரும் பதிவுக்கு நேர் எதிரான சிறுமை இந்த நோட்டுக்கு உண்டு.

இத்தகைய நோட்டு இல்லாத மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநில ரப்பர்த் தோட்டங்களிலும் பால்வெட்டுத் தொழிலாளரைப் பற்றி அன்றாடம் ஏதாவது எழுதப்பட்டுக்கொண்டுதான் இருந்தது. விடியுமுன் பிரட்டு எனப்படும் ஆள் கணக்கெடுப்புக்கு வந்தவர் பெயர் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் ஏறும். நிறுத்த பாலின் எடையைக் கிராணி என்ற தோட்ட எழுத்தர் குறித்துக்கொள்வார். அரிசி, பருப்பு, சார்டின் டின் என்று வாங்கிய கடனைக் கடைக்காரர் 555 நோட்டில் எழுதுவார். உள்ளங்கையில் அடங்கும் அந்த நோட்டின் பெயரே மலேசியாவில் கடன் கணக்கைக் குறிப்பதாகிவிட்டது. வருகையும் எடையும் கடனும் பிறர் கையால் ஏட்டில் ஏறின. மகிழ்ச்சி மட்டும் எழுதப்படாமல் தாலாட்டிலும் கும்மியிலும் திருவிழா இரவுப் பேச்சிலும் கரைந்தது. அதைத் தாமே எழுதி வைக்க எழுத்தறிவு வேண்டும். பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. ஆனாலும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே நின்றுவிட்ட பெண்பிள்ளைகள் பலர்.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் விற்கப்பட்டு வீடமைப்புத் திட்டங்களாயின. லயம் எனப்படும் தொடர் வீடுகளில் இருந்த குடும்பங்கள் மாநிலத் தலைநகர் சிரம்பானைச் சுற்றியுள்ள தாமான் என்ற குடியிருப்புகளுக்கும் தெமியாங் போன்ற நகரையொட்டிய இடங்களுக்கும் பெயர்ந்தன. லயத்தில் ஒரு வீட்டுச் சிரிப்பு பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். யாரும் எழுதி வைக்காமலே அது நினைவில் நின்றது. பிள்ளைகள் வேலைக்குப் போனதும் கேட்டைப் பூட்டிக்கொண்டு தனியே இருக்கும் முதியவருக்கு அந்த வசதி இல்லை. நோட்டுக்கு வேலை இங்கேதான் தொடங்குகிறது.

நல்லதை எழுதுவதற்கு ஏன் தனி முயற்சி வேண்டும்? மனம் கெட்டதை இறுகப் பிடித்துக்கொள்கிறது. நூறு வெள்ளி கிடைத்த மகிழ்ச்சியைவிட நூறு வெள்ளி தொலைத்த வருத்தம் நீளமானது. இத்தகைய சான்றுகளைத் தொகுத்து, கெட்டதன் வலிமை நல்லதைவிட அதிகம் என்று உளவியலாளர் ராய் பௌமைஸ்டரும் உடன் ஆய்வாளர்களும் 2001இல் எழுதினர். இன்னொரு காரணம் பழக்கம். புது மின்விசிறியின் காற்று முதல் வாரம் சுகம். பிறகு அது காற்று மட்டுமே. எழுதுவதற்காகத் தேடும் கண், பழகிப்போனதை மறுபடி பார்க்கிறது.

இப்படி எழுதிப் பார்ப்பதைத் தம்மீதே சோதித்த முன்னோடிகளுள் ஒருவர் ஆங்கிலேயரான மரியன் மில்னர். எது தம்மை மகிழ்விக்கிறது என்று தமக்கே தெரியவில்லை என உணர்ந்து 1926இல் அன்றாட நிகழ்ச்சிகளைக் குறிக்கத் தொடங்கினார். மகிழ்ச்சி தரும் என்று நம்பியவையும் உண்மையில் தந்தவையும் வேறுவேறாக இருந்தன. அந்த அனுபவத்தை 1934இல் ஜோனா ஃபீல்ட் என்ற புனைபெயரில் நூலாக்கினார். பிற்காலத்தில் உளப்பகுப்பாய்வாளர் ஆனார்.

முறையான சோதனை 2003இல் உளவியலாளர்கள் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லா இருவரும் வெளியிட்டது. மாணவர்களில் ஒரு பிரிவினர் நன்றிக்குரியவற்றையும், ஒரு பிரிவினர் எரிச்சல்களையும், மற்றொரு பிரிவினர் பொதுவான நிகழ்ச்சிகளையும் வாரம் ஒருமுறை 10 வாரம் எழுதினர். முதல் பிரிவினர் தம் வாழ்க்கையைக் கூடுதல் நிறைவாக மதிப்பிட்டனர். உடல் தொல்லைகளையும் குறைவாகச் சொன்னார்கள். நரம்புத் தசை நோயுள்ள பெரியவர்கள் 21 நாள் எழுதியபோது தூக்கமும் மேம்பட்டது. மார்ட்டின் செலிக்மன் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், இரவுதோறும் மூன்று நல்லவற்றையும் அவை நேர்ந்த காரணத்தையும் ஒரு வாரம் எழுதியவர்களிடம் ஆறு மாதம் வரை பயன் தெரிந்தது. ஆனால் அவர்கள் தாமாக முன்வந்தவர்கள், மகிழ்ச்சியைத் தேடியே வந்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது.

அடிக்கடி எழுதினால் அதிகப் பயன் என்பதும் இல்லை. சோன்யா லுபோமிர்ஸ்கியின் ஆய்வில் வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்கே பயன் இருந்தது. மூன்று முறை எழுதியவர்களுக்கு இல்லை. நேர்த்திக்கடன்போல ஆகிவிட்டால் கை எழுதும், மனம் வராது.

பயன் பெரும்பாலும் வரியின் நுணுக்கத்தைப் பொறுத்தது. 'கோயிலில் சாப்பாடு நன்றாக இருந்தது' என்று எழுதுவதில் ஒன்றும் இல்லை. 'பாயசத்தில் இருந்த முந்திரியைப் பேத்தி பொறுக்கி என் இலையில் வைத்தாள்' என்ற வரி பத்து நாள் கழித்துப் படித்தாலும் அந்தப் பந்தியில் உட்கார வைக்கும். 'பசியாறப் போன இடத்தில் கேட்காமலே இன்னொரு கரண்டி டால் ஊற்றினார்கள்' என்பதும் அப்படித்தான். பெயர், இடம், ருசி, வாசனை ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தால் போதும். நடை நயம் தேவையில்லை.

தமிழ் வீடுகளில் இப்பழக்கத்துக்கு இரண்டு தடைகள் உண்டு. முதலாவது கண்ணேறு. பிள்ளை நன்றாகச் சாப்பிட்டான் என்று வாய்விட்டுச் சொல்லத் தாய் தயங்குவாள். நலம் கேட்டால் 'ஏதோ ஓடுது' என்பதே மரியாதையான பதில். மூடி வைத்த நோட்டு இந்த அச்சத்துக்கு ஓரளவு தோதானது, அதில் எழுதியது யார் கண்ணிலும் படாது. இரண்டாவது 'நன்றி' என்ற சொல். பெற்ற தாய்க்கோ உடன்பிறந்தவருக்கோ நன்றி சொன்னால் அது அந்நியப் பேச்சாகத் தொனிக்கும். ஆகவே மேற்கத்திய நன்றிப் பட்டியலை அப்படியே பெயர்த்துத் தருவதைவிட, மகிழ்ந்ததை எழுதச் சொல்வதே இங்கு இயல்பு. நன்றிக் கடிதமும் நம்பிக்கையான எதிர்காலமும் எழுதவைத்த 2011ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வொன்றில் ஐரோப்பிய வம்சாவழியினரைவிட ஆசிய வம்சாவழியினர் குறைந்த பயனே பெற்றனர். எல்லா மண்ணிலும் ஒரே விதை ஒரே விளைச்சல் தராது.

எழுதத் தெரியாத பாட்டிக்காகப் பேரப்பிள்ளை எழுதலாம். வாட்ஸ்அப்பில் குரலாகவும் பதியலாம். சொல்பவர், கேட்பவர் இருவருக்குமே அந்தப் பத்து நிமிடம் தனி வரவு. துக்கம் விழுந்த வீட்டிலும் வேலை போன வாரத்திலும் 'நல்லதை எழுது' என்று வற்புறுத்துவது புண்ணில் கை வைப்பது. அப்போது வருத்தத்தையே எழுதலாம்; அதற்கும் உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986 முதல் செய்த ஆய்வுகளின் துணை உண்டு.

மனச்சோர்வு நோய்க்கு இந்த நோட்டு மருந்தாகாது. 27 ஆய்வுகளைத் தொகுத்த 2021ஆம் ஆண்டுப் பகுப்பாய்வு, நன்றிப் பயிற்சிகளால் மனச்சோர்வும் பதற்றமும் சிறிதளவே குறைகின்றன என்றது. தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அரசு சுகாதார மருந்தகத்தை நாட வேண்டும். அங்கிருந்து சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்புவார்கள். மலேசியச் சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது; அன்றே அழைக்க வேண்டும்.