அலையாத்திக் காடும் ஊர் உழைப்பும்: பிச்சாவரம், முத்துப்பேட்டை மீட்பு வரலாறு

முன்னுரை

அழிந்த வாழிடங்களை மீட்பது சூழலியல் பணியாகவே பெரிதும் எழுதப்படுகிறது. அதனால் ஊர்ப்புற மக்களுக்குக் கிடைக்கும் வேலையும் வருவாயும் துணைவிளைவாகவே கருதப்படுகின்றன. காவிரிப் படுகையின் கடற்கரையிலுள்ள பிச்சாவரம், முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகளின் வரலாறு இக்கருத்தை மறுஆய்வு செய்யத் தூண்டுகிறது. இங்குக் காட்டின் மீட்பும் மக்களின் உழைப்பும் ஒன்றையொன்று சார்ந்திருந்தன என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

அழிவின் காரணம்

1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காடுகளை அரசுக்கென ஒதுக்கவும் மக்களின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தவும் வழிசெய்தது. அந்நிர்வாக மரபில், அலையாத்திக் காடுகள் வருவாய்க்காகக் கூறுகளாகப் பிரிக்கப்பட்டுச் சுழற்சி முறையில் முற்றாக வெட்டப்பட்டன. இம்முறை 1970கள் வரை நீடித்தது. மரங்களை இழந்த சேற்றுநிலம் வெயிலில் நீர்வற்றித் தாழ்ந்து தொட்டி போல் ஆயிற்று. அதனுள் புகுந்த ஓதநீர் வெளியேற வழியின்றித் தேங்கி ஆவியாக, மண்ணில் உப்பு மிகுந்தது. உமரி போன்ற உவர்ச்செடிகளே அங்கு எஞ்சின. எனினும், விறகு எடுத்தோரும் கால்நடை மேய்த்தோருமே காட்டை அழித்தனர் என்னும் எண்ணம் நெடுங்காலம் நிலவியது.

மீனவர் வாய்க்காலும் மீட்பு முறையும்

முத்துப்பேட்டையில் மீனவர்கள் காயலிலிருந்து காட்டுக்குள் வாய்க்கால் வெட்டி மீன்பிடிப்பது வழக்கம். நீரேற்றத்தில் உள்ளே வரும் மீன், நீர் வடியும்போது பிடிபடும். இவ்வாய்க்கால்களின் கரைகளில் மரங்கள் செழித்திருந்தன. ஓதநீர் தடையின்றி வந்துசென்றதே இதற்குக் காரணம்.

1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் தமிழ்நாடு வனத்துறையும் ஊர்மக்களுடன் இணைந்து மேற்கொண்ட மீட்புப் பணி இதே நெறியைச் சார்ந்தது. இயற்கை ஓடைகளிலிருந்து முதன்மை வாய்க்கால்களும், அவற்றின் இருபுறமும் கிளை வாய்க்கால்களும் வெட்டப்பட்டன. வடிவ ஒப்புமையால் இது ‘மீன்முள் வாய்க்கால்’ எனப்பட்டது. தேங்கிய உவர்நீர் வடிந்தபின் வாய்க்கால் சரிவுகளில் கன்றுகள் நடப்பட்டன.

கூலியும் உரிமையும்

வாய்க்கால் வெட்டுதல், நாற்று வளர்த்தல், கன்று நடுதல் ஆகிய மூன்றும் உடலுழைப்பை வேண்டுவன. ஆதலால் மீட்புச் செலவில் கணிசமான பங்கு கூலியாக ஊர்களுக்குள் செல்ல வாய்ப்பு ஏற்பட்டது. ஆனால் கூலி பணிக்காலத்துடன் முடிந்துவிடும். நீடித்த பயன் நீரில் உள்ளது. காடு தழைத்தால் இறாலும் நண்டும் மீன்குஞ்சுகளும் வளரும்; ஆழமற்ற நீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் பிச்சாவரம் இருளர்களின் பிழைப்பு அதனைச் சார்ந்தது. சுற்றுலாப் படகு வலிப்போரின் வருவாய்க்கும் அக்காடே அடிப்படை.

மேலும், வாய்க்கால்களில் வண்டல் படிவது இயல்பு. உரிய காலத்தில் தூர்வாரப்படாவிடில் நீர் மீண்டும் தேங்கும், உப்பு மிகும். எனவே மீட்பு ஒருமுறை செய்து முடிக்கும் பணியன்று. ஏரிப்பாசனத்தில் குடிமராமத்து நிலைத்தமைக்கு, உழைத்தோர்க்கு நீரில் பங்கு இருந்தது முக்கியக் காரணம். அலையாத்திக் காட்டிலும் பராமரிப்போர்க்குப் பயன்பாட்டு உரிமை இன்றேல், திட்ட நிதி முடிந்ததும் பராமரிப்பும் தளர்ந்துவிடும்.

முடிவுரை

இந்திய அரசின் 1990ஆம் ஆண்டுக் கூட்டு வன மேலாண்மை வழிகாட்டல் மக்களைக் காப்புப்பணியின் பங்காளிகளாக ஏற்றது; 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் உரிமை என்னும் சொல்லைச் சட்டத்தில் நிறுத்தியது. இவ்விரண்டுக்கும் இடையிலான தொலைவே மீட்புத் திட்டங்களை மதிப்பிட வேண்டிய அளவுகோல். நட்ட கன்றுகளின் எண்ணிக்கையுடனும் வழங்கிய கூலியுடனும் ஆய்வு நின்றுவிடலாகாது. வாய்க்காலைத் தூர்வாருபவர் யார், அதில் மீன்பிடிக்கும் உரிமை யாருக்கு உள்ளது என்னும் வினாக்களையும் சூழல் வரலாற்றாய்வு எழுப்ப வேண்டும்.