மரயானையின் இலத்தி

அவந்தி நாட்டு அரசன் பிரச்சோதனன், வத்தவ நாட்டு உதயணனைப் பிடிக்க ஒரு யானை செய்வித்தான். தம்மபதத்தின் பாளி உரை அந்தக் கதையை நுணுக்கமாகச் சொல்கிறது. மரத்தால் யானை செய்து, துணி சுற்றி, வர்ணம் தீட்டி, எல்லைக் காட்டில் ஓர் ஏரிக்கரையில் விட்டார்கள். அதன் வயிற்றுக்குள் 60 ஆட்கள் நடந்து திரிந்தார்கள். இடையிடையே அவர்கள் யானை இலத்தியை அள்ளி வெளியே கொட்டினார்களாம். யாழிசையால் யானைகளை வசப்படுத்தும் உதயணன் அதைத் துரத்திக்கொண்டு போய்ப் பிடிபட்டான். கதை முழுவதிலும் என்னை நிறுத்திவைப்பது அந்த இலத்திதான். யானையைச் செய்தவன் தச்சனாக இருக்கலாம். இலத்தியை நினைத்தவன் காடறிந்தவன். வட இலங்கையின் வன்னிப் பெருநிலப்பரப்பில் பல நூற்றாண்டு நடந்த யானைபிடி தொழிலைத் தெரிந்துகொண்டால், இந்தச் சூழ்ச்சி ஏன் பலித்தது என்பது விளங்கும்.

தமிழுக்கு இந்தக் கதை புதிதல்ல. உதயணன் வஞ்சத்தால் சிறைப்பட்டதையும் அவனை மீட்க அவன் அமைச்சன் யூகி பிரச்சோதனனின் தலைநகரான உஞ்சைக்கு வந்ததையும் மணிமேகலை குறிப்பிடுகிறது. கொங்குவேளிரின் பெருங்கதை அதை விரிவாகப் பாடியது. ஆனால் 1924இல் உ. வே. சாமிநாதையர் அந்நூலைப் பதிப்பித்தபோது உஞ்சைக் காண்டத்தின் முற்பகுதி கிடைக்கவில்லை. மாய யானை வரும் இடம் அந்த ஏடுகளோடு போயிற்று. மறுபுறம், வடமொழி அணியிலக்கண ஆசிரியர் பாமகர் தம் காவியாலங்காரத்தில் கதையின் அடிமடியிலேயே கைவைத்தார். செய்த யானைக்கும் மெய்யான யானைக்கும் உள்ள வேறுபாடு சிறுபிள்ளைக்கும் தெரியுமே, யானை நூல் கற்ற அரசனுக்குத் தெரியாதா என்று கேட்டார். கேள்வி நியாயமாகத்தான் படுகிறது. ஆனாலும் பாமகர் பிழைவிட்டார் என்றே நினைக்கிறேன். யானையை அறியாத ஒருவன் இலத்தியைப் பார்த்திருக்கவே மாட்டான். அறிந்தவன்தான் அதைப் பார்த்தான், அதனால்தான் நம்பினான்.

இதற்கு வன்னி எப்படிச் சான்றாகும்? பாலையும் வீரையும் முதிரையும் அடர்ந்த இந்த உலர் காட்டில் யானை கண்ணில் படுவது கடைசியில்தான். பற்றைக்குப் பின்னால் இருபது முழத்தில் ஓர் அலியன் யானை நின்றாலும் தெரியாது. முதலில் கிடைப்பவை அடையாளங்களே: குளத்துச் சேற்றில் பதிந்த அடி, முறிந்த கொப்பு, உடம்பை உரசிய மரத்தில் காய்ந்த சேறு, இலத்தியின் சூடும் ஈரமும். இந்த அடையாளங்களை வாசிப்பது வெறும் வேட்டைக் கலையாக இருக்கவில்லை. அதில் பணம் இருந்தது. 6ஆம் நூற்றாண்டில் கொஸ்மாஸ் என்னும் கிரேக்க வணிகர், இலங்கை அரசன் யானைகளை முழக்கணக்கில் உயரம் பார்த்து விலைக்கு வாங்குவதாக எழுதினார். ஒல்லாந்தர் காலத்திலும் உயரமே விலையைத் தீர்மானித்தது. யானையின் முன்னங்காலடிச் சுற்றளவின் இரு மடங்கு ஏறத்தாழ அதன் தோளுயரம். ஆகவே சேற்றில் பதிந்த ஒரு வட்டத்தைக் கயிற்றால் அளந்தவனுக்கு, காணாத யானையின் விலைகூடத் தெரிந்துவிடும். அத்தனை அறிவும் ஓர் அடிச்சுவட்டில் தங்கியிருந்தது.

அந்த அறிவைச் சுற்றி ஓர் அரசியலே நடந்தது. பனங்காமம், கரிக்கட்டுமூலை, முள்ளியவளை, மேல்பற்று முதலிய பற்றுகளின் தலைவர்களான வன்னியர்கள் யாழ்ப்பாணத்தை ஆண்டவர்களுக்கு யானைகளையே திறையாகக் கொடுத்தார்கள். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தக் கம்பனி, போர்த்துக்கேயர் வாங்கிய அதே திறையைத் தானும் கேட்டது. காட்டிலிருந்து வந்த யானைகள் ஆனையிறவுக் களப்பைக் கடந்து குடாநாட்டுக்குள் இறங்கின. ஊர்ப்பெயரே அதற்குச் சாட்சி. ஊர்காவற்றுறைக்கு ஐரோப்பியர் வழங்கிய கைற்ஸ் என்ற பெயரும் யானைத்துறை என்னும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. கோல்கொண்டாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வணிகர்கள் வந்து வாங்கிப்போனார்கள். 1697இல் யாழ்ப்பாணத் தளபதி ஸ்வார்தெகுரோன் எழுதிவைத்த குறிப்புரையில் வன்னியர் தலைவர்களான தொன் பிலிப் நல்லமாப்பாணரும் தொன் கஸ்பார் இலங்கைநாராயண மாப்பாணரும் வருகிறார்கள். கொடுக்கவேண்டிய யானைகள் நிலுவையில் நிற்பது பற்றிய முறைப்பாடு ஒல்லாந்தர் ஆவணங்களில் ஓயாது கேட்கிறது. காட்டில் எத்தனை யானை உண்டு என்பது வன்னியருக்குத் தெரியும், கோட்டையில் இருந்தவனுக்குத் தெரியாது. அவர்களுடைய வலிமையில் பாதி அதுதான்.

யானையைப் பிடித்த முறைகளும் ஒருவகை ஏமாற்றே. குழி வெட்டி மேலே கொப்பும் தழையும் பரப்புவது பழைய வழி. சங்க நூல்கள் அதைப் பயம்பு என்கின்றன. பிற்காலத்தில் பருத்த மரங்களை நட்டுப் பெரிய பட்டி அடைத்து, அந்த வேலி காடாகவே தோன்றும்படி கொடியும் இலையும் படரவிட்டு, யானைக் கூட்டத்தை உள்ளே சாய்த்தார்கள். உள்ளே வந்ததைக் கட்டுவதற்குப் பழக்கிய பெண் யானைகள் துணைநின்றன. இப்படி இனத்தைக் காட்டி இனத்தைப் பிடிக்கும் விலங்குக்குத் தமிழில் பார்வை என்று பெயர். பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடில் முற்றத்தில் கட்டியிருக்கும் மான் அத்தகையது. காண்பதற்கும் கண்ணைக் கட்டுவதற்கும் ஒரே சொல் அமைந்தது எவ்வளவு பொருத்தம்! ஆனால் கவனியுங்கள்: பார்வை எப்போதும் உயிருள்ள விலங்காகவே இருந்தது. மரத்தால் யானை செய்து காட்டு யானையைப் பிடிக்க யானைபிடிகாரரான எந்தப் பணிக்கரும் முயலமாட்டார். யானைக்குக் கண் மங்கல், மூக்குக் கூர்மை. மரமும் வர்ணமும் மனித வியர்வையும் அதற்குக் காற்றிலேயே தெரிந்துவிடும். மரயானை பிடிக்கக்கூடிய ஒரே விலங்கு, அடையாளம் பார்த்து அறியக் கற்ற மனிதன்தான்.

ஐரோப்பாவில் இதற்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. 1770இல் வொல்ப்காங் வொன் கெம்பெலன் வியன்னா அரண்மனையில் சதுரங்கம் ஆடும் துருக்கிப் பொம்மையைக் காட்டினார். பெட்டியின் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, மெழுகுதிரி பிடித்து, பற்சக்கரங்களைக் காண்பித்தார். உள்ளே ஓர் ஆள் நகரும் இருக்கையில் ஒளிந்திருந்தார். 1809இல் நெப்போலியனும் அதனோடு ஆடினார். 1854இல் பிலடெல்பியாவில் அது தீயில் எரிந்தது. ஜேர்மன் எழுத்தாளர் றொபேட் லோர் 2005இல் இதை வரலாற்று நாவலாக்கியபோது பெட்டிக்குள் ஒரு குள்ளரை வைத்தார். நாவலுக்கு அது நல்ல கதாபாத்திரம். ஆயினும் வளர்ந்த ஆள் உள்ளே கொள்ளமாட்டான் என்ற பார்வையாளரின் பழைய தவறு அதில் திரும்பி வருகிறது. பிற்காலத்தில் பொம்மையை ஆட்டியவர்கள் முழு வளர்ச்சி பெற்ற சதுரங்க வல்லுநர்களே. பற்சக்கரங்கள் அங்கே செய்த வேலையைத்தான் இலத்தி இங்கே செய்தது. பொறி இயங்க அது தேவையில்லை. பார்ப்பவன் தன் அறிவைத் தானே மெச்சிக்கொள்ள அது தேவை.

60 பேர் ஒரு மரயானைக்குள் நடப்பார்களா, இது கட்டுக்கதைதானே என்று கேட்கலாம். எண்ணிக்கையை நானும் நம்பவில்லை. பிரச்சோதனனுடைய தச்சுப்பட்டறைக்கு இந்தக் கதையைச் சான்றாக்கவும் இல்லை. கதையைச் சொன்னவர்களுக்கு எது தெரிந்திருந்தது என்பதற்கே அது சான்று. அந்தப் பாளி உரை உருவான அனுராதபுரம், வவுனியாவுக்குத் தெற்கே சுமார் 50 கிலோமீற்றரில், அதே யானைக் காட்டின் விளிம்பில் இருக்கிறது. இலத்தி இலங்கையில் சேர்ந்த நுணுக்கம் என்று அடித்துச் சொல்லமாட்டேன். கங்கைச் சமவெளியிலும் யானை உண்டு. ஆனால் அந்த வரியைக் கேட்டுத் தலையசைக்கத் தெரிந்த மக்கள் இங்கே இருந்தார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இன்னொரு மறுப்பு கடினமானது. மரயானை உதயணனின் யாழுக்கு மயங்கவில்லை. இசை காதில் விழாததுபோல் ஓடியது. எல்லா யானையும் மயங்கும் இசைக்கு இது மயங்காதது பெரிய அடையாளமல்லவா? ஆம், அதை அவன் தவறவிட்டான். அந்த இடத்தில் அவன் செய்தது குதிரையேறித் துரத்தியதுதான். படையும் துணையும் பின்தங்கிப்போயின. யானை பிடித்தவர்களோ தனியே போனதில்லை. பிரித்தானியரான எமேர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட நூலில், இலங்கையின் வடக்கிலும் வடகிழக்கிலும் சோனக ஊர்களில் வாழ்ந்த பணிக்கர்களை வியந்து எழுதுகிறார். மான்தோலாலும் எருமைத்தோலாலும் திரித்த வார்க்கயிறு ஒன்றுதான் அவர்களுடைய கருவி. இருவராகவே காட்டுக்குள் போவார்கள். ஒருவர் முன்னே நின்று யானையைச் சினமூட்டித் தன் பக்கம் இழுத்து வைத்திருக்க, மற்றவர் பின்னங்காலில் சுருக்கைப் போட்டு மரத்தில் கட்டுவார். ஒருவர் கண்ணுக்குத் தப்பியதை மற்றவர் கண் பிடிக்கும். உதயணன் ஏரிக்கரையைத் தாண்டியபோது அவனோடு இன்னொருவர் இல்லை.