பொட்டிப்புரம் மலை – 9: நூறு மீட்டர்

போன வாரம் ஒரு கேள்வியோடு உங்களை விட்டுவிட்டுப் போனேன். பொட்டிப்புரம் நியூட்ரினோ ஆய்வகத்துக்கு மத்திய அமைச்சரவையின் ஒப்புதல், 1500 கோடி ரூபாய், நாட்டின் பெரிய விஞ்ஞானிகள் எல்லாம் ஒரு பக்கம். அத்தனையையும் நிறுத்தி வைத்த ஒன்று மறுபக்கம். அது என்ன?

ஊர் மக்களின் எதிர்ப்பு என்று நினைத்திருப்பீர்கள். வைகோ போட்ட வழக்கு என்று சிலர் நினைத்திருப்பீர்கள். இரண்டும் தடுத்தன, உண்மை. மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு இல்லாமல் வேலை தொடங்கக் கூடாது என்று மதுரையில் உயர் நீதிமன்றம் சொன்னதையும் பார்த்துவிட்டோம்.

ஆனால் 2017 மார்ச் 20 அன்று அடி வேறு பக்கத்திலிருந்து விழுந்தது.

அடித்தது ஓர் எண்.

4.9.

அந்த நேரத்துக்குள் நுழையும் முன், மூன்று தரப்பின் மனசையும் ஒரு முறை தொட்டுவிடுவோம். அது தெரியாமல் அந்த எண்ணின் கனம் புரியாது.

முதலில் விஞ்ஞானிகள். கோலார் தங்கச் சுரங்கத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவை 1965-லேயே பதிவு செய்த ஆழம் அது. அன்று இந்த ஆய்வில் உலகின் முன்வரிசையில் நின்றோம். 1990-களில் அந்தச் சோதனைகள் மூடப்பட்டன. இடம் போனது. இடத்தோடு முன்வரிசையும் போனது. அந்த இழப்பை நேரில் பார்த்தவர்களில் ஒருவர் நபா மண்டல். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இயற்பியலாளராக இருந்தவர். கோலாரில் வேலை பார்த்தவர். இன்னொரு ஆழம் வேண்டும் என்று வருடக்கணக்கில் மலை மலையாகத் தேடிய குழுவை நடத்தியவர்.

அவர்கள் துரத்திய துகளை முதலில் ஊகித்தவர் வூல்ஃப்கங் பௌலி. துறைமுக நகரமான ஹாம்பர்க்கின் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்து, பிறகு சூரிச்சுக்குப் போனவர். அங்கிருந்துதான் 1930-ல் ஒரு கடிதத்தில் அந்தத் துகளைப் பற்றி எழுதினார்.    

அந்தத் துகளைப் பிடிக்கத் தேவைப்பட்டது மலை. எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத பாறை. வானத்திலிருந்து கொட்டும் மற்ற துகள்களைப் பாறை நிறுத்திவிடும். நியூட்ரினோ மட்டும் ஊடுருவி வரும். மலைதான் சல்லடை. உள்ளே 50,000 டன் காந்த இரும்பு. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றே குறைந்த சுரங்கப் பாதை.

நீலகிரி சிங்காராவில் கேட்டார்கள். முதுமலை புலிகள் காப்பகத்தின் ஓரம், யானை வழித்தடம். அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் மறுத்தார். தேனிப் பக்கம் சுருளியாறைப் பாருங்கள் என்றார். அங்கேயும் அடர்ந்த காடு.

அப்போது அவர்கள் ஒரு பாடம் படித்தார்கள். வாசல் காட்டுக்குள் இருக்கக் கூடாது.

அப்படித்தான் பொட்டிப்புரம் வந்தது. வாசல் புறம்போக்கு நிலத்தில். சுரங்கம் மட்டும் மலைக்கடியில். ஒரு மரம்கூட காட்டில் விழ வேண்டாம். இனி யார் என்ன சொல்ல முடியும்?

இரண்டாவது தரப்பு, அந்த மலையடிவாரம். பள்ளத்தாக்கு முழுவதும் முல்லைப் பெரியாறு பாய்ந்து நெல்லும் திராட்சையும் விளைகிறது என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். தேவாரம், பொட்டிப்புரம் பக்கம் வந்து பாருங்கள். பதினெட்டாம் கால்வாயில் எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்று கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் ஊர்கள் அவை. மலைமாடு மேய்ப்பவருக்கு அந்த மலைதான் மேய்ச்சல். அம்பரப்பர் சாமிக்கு அந்த மலைதான் கோயில். சுமார் 66 ஏக்கருக்கு வேலி வந்தபோது அவர்கள் கேட்டது இயற்பியல் கேள்வி அல்ல. மாடு எந்த வழியாகப் போகும்? வெடி வைத்தால் கிணறு என்ன ஆகும்? மலையைக் குடைந்து எடுக்கிற கல்லும் தூசியும் எங்கே போகும்?

நியாயமான கேள்விகள். துகள் எவ்வளவு சிறியது என்று விளக்கினால் அவற்றுக்குப் பதில் ஆகிவிடாது.

மூன்றாவது தரப்பு, பூவுலகின் நண்பர்கள். மேற்குத் தொடர்ச்சி மலையைக் குடைவதே ஆபத்து என்று சொன்ன சூழலியல் அமைப்பு. சென்னையில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். நியூட்ரினோ நல்லதா கெட்டதா என்ற வாதத்தில் விஞ்ஞானிகளை வெல்வது கடினம். இந்த வழக்கைத் திருப்பிய கேள்வி அதைவிட எளியது.

அனுமதி கொடுத்த முறை சரியா?

இப்போது அந்த நாளுக்கு வாருங்கள்.

தீர்ப்பாயத்தின் கண் சுரங்கத்தை விட்டு வரைபடத்துக்குப் போனது. மலையின் மறுபக்கம் கேரளம். அங்கே மதிகெட்டான் சோலை, ஒரு தேசியப் பூங்கா. போடிமெட்டு ஏறி, ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற நம் பெண்களுக்கு அந்தப் பெயர் புதிதல்ல.

ஆய்வகத்திலிருந்து அந்தப் பூங்கா எவ்வளவு தூரம்?

4.9 கிலோமீட்டர்.

சட்டம் போட்ட கோடு எவ்வளவு?

5 கிலோமீட்டர்.

நூறு மீட்டர். தேவாரம் கடைவீதியில் இரண்டு நிமிடத்தில் நடந்துவிடக்கூடிய தூரம்!

அந்த நூறு மீட்டர் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. பாதுகாக்கப்பட்ட பகுதிக்கு ஐந்து கிலோமீட்டருக்குள் வந்தால் திட்டம் ‘ஏ’ பிரிவு. கடுமையான ஆய்வு வேண்டும். அதைச் செய்ய அதற்கென அங்கீகாரம் பெற்ற நிறுவனம் வேண்டும். பொட்டிப்புரத்துக்குச் சூழல் மதிப்பீடு எழுதியது கோவை சலீம் அலி மையம். பறவையியலில் பேர் பெற்ற இடம். ஆனால் இந்த வகை மதிப்பீட்டுக்கான அங்கீகாரம் அதற்கு இல்லை.

2011-ல் கொடுத்த சூழல் அனுமதி நிறுத்தி வைக்கப்பட்டது.

அந்த நேரத்தில் விஞ்ஞானிகளின் நிலையை எண்ணிப் பாருங்கள். பாறையின் தரத்தைப் பார்த்தார்கள். உயரத்தைப் பார்த்தார்கள். யானையை விட்டு விலகினார்கள், புலியை விட்டு விலகினார்கள், காட்டுக்கு வெளியே வாசல் வைத்தார்கள். மலைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு சோலை அவர்களை நிறுத்திவிட்டது.

ஆனாலும் நான் இதை விதி என்று சொல்ல மாட்டேன். ஐந்து கிலோமீட்டர் என்ற கோடு சும்மா போட்டது அல்ல. பெரிய கனவுகள் வரும்போதுதான் சின்னக் கோடுகள் வேண்டும். கனவு பெரிது என்பதற்காகக் கோட்டை ஒருமுறை அழித்தால், அடுத்து வருகிற கல்குவாரிக்காரரிடம் எந்தக் கோட்டைக் காட்டுவோம்? கோலாரின் பெருமையை மீட்க நினைத்தவர்கள் மீது எனக்கு மதிப்பு உண்டு. அந்த மதிப்பு நூறு மீட்டரைக் கண்டுகொள்ளாமல் விட எனக்கு அனுமதி தரவில்லை.

ஊர் பெருமூச்சு விட்டது. திட்டம் முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

முடியவில்லை.

தீர்ப்பாயம் ஒரு வழியைத் திறந்தே வைத்திருந்தது. புதிதாக விண்ணப்பிக்கலாம். விஞ்ஞானிகள் விண்ணப்பித்தார்கள். மாநில அமைப்பிடம் போன கோப்பு, இது எங்கள் சக்திக்கு மீறியது என்ற பதிலோடு டெல்லிக்கு ஏறியது.

டெல்லியில் கோப்பைப் பிரித்தார்கள். மலை நகரவில்லை. சோலையும் நகரவில்லை. இடைப்பட்ட தூரம் அதே 4.9 கிலோமீட்டர்.

ஆனால் சரியாக ஒரு வருடம் கழித்து, அடுத்த மார்ச்சில், அனுமதி கையெழுத்தாகி வந்தது!

தூரம் மாறாமல் முடிவு எப்படி மாறியது?

(அடுத்த வாரம்)