எச்சிலில் பிறந்து தோலின் பெயர் பெற்றது

சுண்டெலியின் தாடைக்குக் கீழே இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிகளை வெட்டி எடுத்துவிட்டால் அதன் விந்தணு குறைந்துபோகும். சுட்சுமி, குராச்சி, ஓகா என்ற மூன்று ஆய்வாளர்கள் 1986இல் ‘சயன்ஸ்’ இதழில் இதை எழுதினார்கள். சுரப்பி போனதும் இரத்தத்திலிருந்து மறைந்த பொருளுக்கு எபிடெர்மல் குரோத் ஃபேக்டர் என்று பெயர். தமிழில் மேற்றோல் வளர்ச்சிக் காரணி. சுரப்பது வாயில், வேலை செய்வது விதையில், பெயரோ தோலுக்கு.

இந்தப் பெயரின் வரலாறு பாம்பு நஞ்சிலிருந்து தொடங்குகிறது. 1950களில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ரீட்டா லெவி-மொண்டால்சினியும் ஸ்டான்லி கோஹனும் நரம்பை வளரச் செய்யும் பொருளொன்றைத் தேடிக்கொண்டிருந்தார்கள். தங்கள் சாற்றிலிருந்த நியூக்கிளிக் அமிலத்தைச் சிதைக்கப் பாம்பு நஞ்சைச் சேர்த்தபோது, நரம்பு முன்னைவிடப் பல மடங்கு வளர்ந்தது. தேடிய பொருள் நஞ்சிலேயே நிறைந்திருந்தது. பாம்பின் நச்சுச் சுரப்பி, உமிழ்நீர்ச் சுரப்பி உருமாறி வந்ததுதானே. அப்படியானால் சுண்டெலியின் எச்சில் சுரப்பியில்? கோஹன் ஆண் சுண்டெலியின் தாடைச் சுரப்பியை அரைத்துப் பார்த்தார். அங்கும் இருந்தது.

அந்தச் சாற்றைப் புதிதாய்ப் பிறந்த குட்டிகளுக்கு ஊசியில் ஏற்றியபோது எதிர்பாராத ஒன்று நடந்தது. சுண்டெலிக் குட்டி கண் மூடியே பிறக்கும். 12, 14 நாள் சென்றுதான் இமை பிரியும். ஊசி போட்ட குட்டிகளோ 6, 7 நாளிலேயே கண் திறந்தன. முன்பல்லும் முந்திக்கொண்டு முளைத்தது. இது நரம்புப் பொருளின் வேலை அல்ல, சாற்றில் வேறேதோ கலந்திருக்கிறது என்று கோஹன் கண்டுகொண்டார். 1962இல் அதைப் பிரித்தெடுத்து அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே முன்பல்லும் கண்ணிமையும் இடம்பெற்றன. தொடக்கத்தில் வழங்கிய பெயர் ‘டூத்-லிட் ஃபேக்டர்’, அதாவது பல்-இமைக் காரணி. எனக்கு இந்தப் பெயர் மிகவும் பிடிக்கும். கண்ணால் கண்டதை மட்டும் சொல்கிறது. அதற்கு மேல் எதையும் கோரவில்லை.

இமை ஏன் முந்தித் திறந்தது என்று துருவியபோது, மேற்றோல் கலங்கள் விரைந்து பெருகி முதிர்வது தெரியவந்தது. கிரேக்கத்தில் ‘எபி’ என்றால் மேல். ‘டெர்மா’ என்றால் தோல். பெயர் மாறியது. காரணத்தைச் சொன்ன வகையில் புதுப்பெயர் ஒரு படி முன்னே போனது உண்மை. ஆனால் பல உறுப்புகளில் வேலை செய்யும் பொருளை ஓர் உறுப்பின் பெயரில் எழுதிவைத்தது சரியல்ல என்பதே என் எண்ணம்.

இன்னொரு பெயரும் இதற்கு உண்டு. மனிதச் சிறுநீரிலிருந்து எடுத்த, இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் பொருளை ‘யூரோகாஸ்ட்ரோன்’ என்று அழைத்துவந்தார்கள். 1975இல் அதன் அமைப்பு வெளிவந்தபோது, 53 அமினோ அமிலங்களில் 37 சுண்டெலிப் பொருளோடு ஒத்திருந்தன. மனிதனிடம் இருக்கும் மேற்றோல் காரணியே அது.

இனி விதைக்கு வருவோம். முதலில் சொன்ன 1986ஆம் ஆண்டு ஆய்வில், சுரப்பியை இழந்த சுண்டெலிகளின் எபிடிடிமிஸ் என்னும் விதையை ஒட்டிய சுருள்குழாயிலிருந்த முதிர்ந்த விந்தணு 55 வீதம் வரை குறைந்தது. விதைக்குள் விந்தணுவாக மாறவேண்டிய இளங்கலங்கள் 40 முதல் 50 வீதம் வரை குறைந்தன. அவற்றுக்கு முந்திய நிலையிலுள்ள கலங்களோ ஏறத்தாழ 20 வீதம் கூடின. உற்பத்தி நடுவழியில், கலம் ஒடுக்கற்பிரிவு அடையும் இடத்தில், தடைப்பட்டிருக்கிறது. விதையை ஆளும் ஓமோன்களான டெஸ்டோஸ்டிரோனிலோ எஃப்எஸ்எச்சிலோ மாற்றம் இல்லை. காரணியை வெளியிலிருந்து கொடுத்ததும் எண்ணிக்கை வழமைக்குத் திரும்பியது.

இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. ஆண் சுண்டெலியின் தாடைச் சுரப்பியில் இந்தக் காரணி பெண்ணினுடையதைவிடப் பல மடங்கு அதிகம். அதைப் பெருக்குவது விதையில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன். விதை சுரப்பியை வளர்க்கிறது. சுரப்பி விதைக்குத் திருப்பிக் கொடுக்கிறது. கோஹன் முதலில் கையில் எடுத்ததே ஆண் சுண்டெலியின் சுரப்பியைத்தான். சுண்டெலியில் கண்டதை அப்படியே மனிதனுக்குப் பொருத்திவிடக் கூடாது. நம் எச்சிலில் இந்தக் காரணி மிகச் சொற்பம். விந்தணு ஆய்வு வெளிவந்த அதே 1986ஆம் ஆண்டில் கோஹனுக்கும் லெவி-மொண்டால்சினிக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

பிறகு பெயர் ஆங்கில முதலெழுத்துகளாகச் சுருங்கியது. காரணியைக் கலத்தின் மேற்பரப்பில் பற்றிக்கொள்ளும் வாங்கிக்கு ‘ஈஜீஎஃப்ஆர்’ (EGFR) என்று பெயர். நுரையீரல் புற்றுநோயில் மருந்தைத் தெரிவு செய்ய இன்று அதைப் பரிசோதிக்கிறார்கள். இலங்கையில் வஹகோட்டையிலிருந்து மாத்தளைக்கோ தம்புள்ளைக்கோ கிளினிக் போகிறவர்களின் கையில் இருக்கும் அறிக்கையிலும் இதே நான்கு எழுத்துகள் வரலாம். ஆனால் அது வேறு: சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும் வேகத்தின் மதிப்பீடு (eGFR). காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் வில்கமுவப் பக்கம் வாட்டும் மாத்தளை மாவட்டத்தில் பலருக்கும் பழகிப்போன எழுத்துகள் அவை. இரண்டையும் பிரித்தறிவது எளிது. சிறுநீரக அறிக்கையில் முதலெழுத்து சின்னதாக இருக்கும், பக்கத்தில் ஓர் எண் நிற்கும். அது மூன்று மாதத்துக்கு மேல் 60க்குக் கீழே இருந்தால் வைத்தியர் நாட்பட்ட நோய் என்பார். புற்றுநோய் அறிக்கையில் நான்குமே பெரிய எழுத்து; மரபணுவில் மாற்றம் உண்டா இல்லையா என்றுதான் அங்கே எழுதியிருக்கும்.